கயபா வேஷம் கட்டியவன்

ஜெபல் அலி
10.3.2006, வெள்ளி

அன்புள்ள நாகவள்ளிக்கு,

கார்மேகம் எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் அத்தையும் நம் விஜியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். உன் தம்பி மணிமாறன் நன்றாக இருக்கிறான். என் கட்டிலுக்கு மேல்தட்டுதான் அவனுக்கு. தூக்கத்திலும் காலை ஆட்டுகிறான், கீழே எனக்குத் தொட்டில் மாதிரி ஆடுகிறது. அவனைக் கூட்டிவந்து ஏழு மாதம் ஆகிறது. என் மகனைப் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி என்று அத்தை அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் சொன்னது மறக்கவில்லை என்று சொல்.

இதைப் போனில் சொல்ல முடியாது. நீ சந்திரகலா டீச்சர் வீட்டுக் கூடத்தில் நின்று பேச வேண்டும், இங்கே என்னைச் சுற்றி ரூமில் எட்டுப் பேர். படித்துவிட்டு நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். நான் நாடகத்தில் நடிக்கப் போகிறேன்.

துறைமுகத்தில் கண்டெய்னர் நம்பர் குறிக்கிற நேவிஸ் அண்ணன் என்று ஒருவர். மணப்பாட்டுக்காரர். இங்கே சர்ச் காம்பவுண்டுக்குள் தமிழ் ஆட்கள் சேர்ந்து வருஷா வருஷம் பெரிய வெள்ளிக்கு ஏசு நாடகம் போடுவார்கள். எழுதுவது, ஆள் பிடிப்பது, திட்டுவது எல்லாம் அவர்தான். அதில் கயபா என்று ஒரு வேஷம். யூதர்களுடைய தலைமைக் குரு. ஏசு சாக வேண்டும் என்று சொல்கிறவர். போன வருஷம் அந்த வேஷம் கட்டிய டிரைவர் மூன்றாம் நாள் லாரியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அதற்கு முந்தின வருஷத்து ஆளுக்கு விசா போய்விட்டது. அதிலிருந்து அவர்கள் ஆட்களில் ஒருத்தரும் அந்த அங்கியைத் தொட மாட்டேன் என்கிறார்கள். குடோனில் நான் மூட்டை எண்ணிக் கத்துகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு நேவிஸ் அண்ணன் என்னிடம் வந்தார். நீ கருப்பனைக் கும்பிடுறவன், உன்னை இந்தத் தோஷம் எப்படிப் பிடிக்கும் என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் மணி, மச்சான் நடிப்பாருண்ணே என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

ஏசுவைச் சிலுவையில் அறைந்தார்கள் என்பதுதான் எனக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது. நேவிஸ் அண்ணன் உட்கார வைத்துச் சொன்னார். அந்த நாட்டை அப்போது ரோமாக்காரன் பிடித்து வைத்திருந்தான். கோயில், பூசை, திருவிழா எல்லாம் குருக்கள் கையில். ஆனால் குருக்களின் கழுத்து ரோமாக்காரன் கையில். இந்த மனுஷர் வருகிறார், ஓய்வுநாளில் சீக்காளியைக் குணமாக்குகிறார், கேட்டால் ஓய்வுநாள் மனுஷனுக்குத்தானே என்கிறார். கோயிலுக்குள் கடை போட்டவர்களின் மேஜையைக் கவிழ்க்கிறார். திருவிழாவுக்கு ஊர்ப்பட்ட ஜனம் கூடுகிற நேரம். கலகம் என்று ஒரு சத்தம் கேட்டால் போதும், கவர்னர் பட்டாளத்தை இறக்கிவிடுவான். குருக்கள் கூடிப் பேசுகிறார்கள். அந்த இடத்தில்தான் என் பெரிய வசனம். ஊர் முழுக்க அழிவதைவிட ஒருத்தன் சாவது மேல்.

நான் மீசையை முறுக்கிக்கொண்டு வில்லன் மாதிரிச் சொன்னேன். நேவிஸ் அண்ணன் தாளைச் சுருட்டி என் தலையில் அடித்தார். கெட்டவனா நடிக்காதே கார்மேகம், பயந்தவனா நடி என்றார். யூத ஜனம் எல்லாம் கெட்டதுன்னும் நெனச்சிராதே, ஏசுவும் அந்த ஜனந்தான், அவர் பின்னால அழுதுக்கிட்டே போன பொம்பளைகளும் அந்த ஜனந்தான் என்றார். பயந்தவனாக நடிக்க எனக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? கல்யாணமான மறுநாள் பல்லி விழுந்ததற்கு நான் கட்டிலில் ஏறி நின்றதை நீ இன்னும் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

ஒன்றுதான் மனதை அறுக்கிறது. இந்த வருஷம் பெரிய வெள்ளியும் சித்திரை ஒன்றும் ஒரே நாள். வருஷப் பிறப்பன்று நல்ல வார்த்தை பேச வேண்டும், நல்ல முகத்தில் விழிக்க வேண்டும் என்போம். நான் அன்றைக்குப் பார்த்து ஒரு சாமியைச் சாகச் சொல்லப் போகிறேன். அந்த வருஷம் எனக்கு எப்படி விடியும்? நேவிஸ் அண்ணனிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. நீ கருப்பனுக்கு ஒரு விளக்குப் போட்டுவிடு. காரணம் கேட்டால் விஜி படிப்புக்கு என்று சொல்.

இப்படிக்கு,
உன் கார்மேகம்


ஜெபல் அலி
7.4.2006, வெள்ளி

அன்புள்ள நாகவள்ளிக்கு,

உன் கடிதம் வந்தது. விளக்குப் போட்டாய் என்று படித்ததும் பாதி பாரம் இறங்கியது. விஜி கணக்கில் நல்ல மார்க் வாங்கியதை ரூமில் எல்லோருக்கும் சொன்னேன்.

ஒத்திகை நன்றாக நடக்கிறது. வெள்ளிக்கிழமை சர்ச்சில், மற்ற நாளில் ரூமில். ரூமில் எனக்கு ஏசு உன் தம்பிதான். மேல்தட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு தாளைப் பார்த்து வாசிப்பான், நான் கீழே நின்று கேள்வி கேட்பேன். கடைகளை விரட்ட உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று குருக்கள் கேட்பார்கள். அதற்கு அவர் பதிலுக்கு ஒரு கேள்வி போடுவார். எந்தப் பதில் சொன்னாலும் குருக்கள் மாட்டிக்கொள்வார்கள். அந்த இடம் மணிக்கு அவ்வளவு பிடிக்கும். இன்னொரு தடவ கேளுங்க மச்சான், இன்னொரு தடவ கேளுங்க என்பான். ஆனால் கடைசியில் கயபா வீட்டில் விசாரணை. அங்கே ஏசு வாயே திறப்பதில்லை, ஏதோ ஒரு வார்த்தைதான். இம்புட்டு நேரம் வெட்டி வெட்டிப் பேசின ஆளு இங்க ஏன் சும்மா நிக்கிறாரு, எனக்கு வசனமே இல்லையே என்று சண்டை பிடித்தான். நேவிஸ் அண்ணனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்க மறந்துவிட்டேன்.

இப்போது எழுத வந்த விஷயம். நீ பதறாதே. பதறினாலும் அத்தைக்கு முன்னால் காட்டிக்கொள்ளாதே.

நாங்கள் தங்கியிருக்கிற கேம்பில் தண்ணீர் டேங்க் கெட்டுப்போயிருக்கிறது. தண்ணீரில் ஒரு வாடை. நாலு பேருக்கு மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். அதில் ஒருவர் எங்கள் ரூம். நாங்கள் குடிக்க செய்கு முகம்மது பாய் கடையில் கேன் வாங்கிக்கொள்கிறோம், எல்லோராலும் முடியவில்லை. கேம்ப் பாஸிடம் ஃபோர்மேன் விஜயபாஸ்கர் ஒரு தடவை சொன்னார். அச்சா அச்சா என்று சொல்லி அனுப்பிவிட்டான். நாங்கள் அத்தோடு விட்டுவிட்டோம். உன் தம்பி விடவில்லை. ஆபீஸ் வாசலில் தினம் நிற்கிறான். நேற்று ஒரு காலி பாட்டிலில் டேங்க் தண்ணீரைப் பிடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறான். பார்த்தால் மோர் மாதிரி இருக்கிறது. இதை எதுக்குடா வைத்திருக்கிறாய் என்றால், இத அவனுக ஒரு வாய் குடிக்கட்டும் மச்சான், அப்புறம் நான் வாயே திறக்கல என்கிறான்.

போன வருஷம் பக்கத்துக் கேம்பில் வேலைக்குப் போகிற பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று நாற்பது பேர் தரையில் உட்கார்ந்தார்கள். மறுவாரம் அந்த ரூம்களில் வேறு ஆட்கள் இருந்தார்கள். மணி பேசத் தொடங்கினாலே சுற்றிலும் கூட்டம் சேர்கிறது. எங்கள் கேம்பில் தமிழ் ஆட்கள் எண்பத்தாறு பேர். மெஸ்ஸில் அவன் தட்டை எடுத்துக்கொண்டு எங்கே உட்கார்கிறானோ அங்கே முப்பது பேர் உட்கார்கிறார்கள். கேம்ப் பாஸ் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்கிறான். நேற்று என்னைக் கூப்பிட்டு, அந்தப் பையன் உன் ஆள்தானே என்று இந்தியில் கேட்டான். தலையை ஆட்டினேன். அது ஆமாம் என்றா இல்லை என்றா என்று எனக்கே தெரியவில்லை.

நீ உடனே அவனுக்கு ஒரு கடிதம் போடு. வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லி அக்கா சத்தியம் வாங்கினால் கேட்பான். நான் சொன்னால், மச்சான் கயபாவாகவே ஆயிட்டாரு என்று ரூமே சிரிக்கிறது. கடிதம் வந்து சேரப் பத்து நாள் ஆகும், அதுவரைக்கும் ஒன்றும் நடக்கக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் கார்மேகம்


ஜெபல் அலி
18.4.2006, செவ்வாய்

நாகவள்ளிக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. கேம்ப் வாசலில் மளிகைக் கடை வைத்திருக்கிற செய்கு முகம்மது பாய் நாளைக்கு லீவில் தொண்டிக்கு வருகிறார். உன் கையில்தான் கொடுப்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். அவருக்கு ஒரு காப்பித்தண்ணி கொடுத்து அனுப்பு. அவர் போன பிறகு, யாரும் இல்லாத இடத்தில் இதைப் பிரி. அத்தைக்கு வாசித்துக் காட்டாதே.

ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, எங்கள் குடோனுக்குச் சரக்கு அனுப்புகிற பெரிய இடத்திலிருந்து மூன்று பேர் கேம்பைப் பார்க்க வந்தார்கள். மெஸ்ஸில் மேஜைக்கு வெள்ளைத் துணி விரித்து, கடைத் தண்ணீர் பாட்டில் வைத்து, பூ கூட வைத்திருந்தார்கள். மணி நேரே போனான். அந்தப் பாட்டில்களை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, அவன் பாட்டிலைத் திறந்து மூன்று கிளாஸிலும் ஊற்றினான். ப்ளீஸ் டிரிங்க் சார், சேம் வாட்டர் என்றான். வந்தவர்களில் ஒரு அம்மா கிளாஸை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே கீழே வைத்தார். மெஸ்ஸில் இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. என் மாப்பிள்ளை என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னேன்.

பதினொன்றாம் தேதி காலையில் ஃபோர்மேன் விஜயபாஸ்கர், டைம் எழுதுகிற ஆள், நான், மூன்று பேரையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். நான் பெரிய பதவியில் ஒன்றும் இல்லை, பதினாலு வருஷம் இருக்கிறேன், ஆட்கள் என் பேச்சைக் கேட்பார்கள், அதனால். கேம்ப் பாஸ் ஒரு தாளை எடுத்து வைத்தான். மணிமாறன் ஒருத்தன்தான் ஆட்களை வேலை செய்ய வேண்டாம் என்று தூண்டிவிட்டான், மற்றவர்களுக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று எழுதியிருந்தது. அவனுடைய ஆட்களே கையெழுத்துப் போட்டால் அவனோடு போகும். போடாவிட்டால் எண்பத்தாறு பேர் விசாவும் கேன்சல், வாரக் கடைசிக்குள் ரூமைக் காலி செய்ய வேண்டும் என்றான். மணி யாரையும் வேலை செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணீரைப் பற்றித்தான் சொன்னான். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

விஜயபாஸ்கர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என்ன செய்யிறது கார்மேகம், என்ன செய்யிறது என்று என்னையே கேட்டார். அப்போது என் வாயிலிருந்து வந்தது. எல்லாரும் அழியிறதுக்கு ஒருத்தன் போறது மேல்.

ஐந்து வாரமாக நான் பாடம் பண்ணிய வார்த்தை. குடோனில் மூட்டை எண்ணும்போதும், குளிக்கும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்தது. யோசித்துச் சொல்லவில்லை நாகவள்ளி, நாக்கில் தயாராக இருந்தது, வந்துவிட்டது. இப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறேன் என்று நீ நினைப்பாய். சரி, அதையும் சொல்லிவிடுகிறேன். வார்த்தை வேண்டுமானால் நாடகத்தினுடையது. கையெழுத்து என்னுடையது. முதல் கையெழுத்தும் நான்தான் போட்டேன். நான் போட்ட பிறகுதான் அவர்கள் போட்டார்கள்.

பிறகு மணியைக் கூட்டிவந்தார்கள். யார் உன்னைப் பேசச் சொன்னது என்று கேம்ப் பாஸ் கேட்டான். அந்தத் தாளை அவன் முன்னால் வைத்தான். மணி அதை முழுக்கப் படித்தான். கீழே எங்கள் பெயரையும் படித்தான். என்னைப் பார்த்தான். நான் மேஜை மேல் இருந்த ஸ்டாப்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் ஓயாத பிள்ளை, ஒரு வார்த்தை பேசவில்லை. கம்பெனிப் பெயர் எழுதாத ஒரு வெள்ளை வேன் வந்தது. எனக்குத் தெரியாத இரண்டு பேர் அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏர்போர்ட்டுக்கு என்று சொன்னார்கள்.

மறுநாளே டேங்கைக் கழுவினார்கள். இப்போது தண்ணீர் கண்ணாடி மாதிரி வருகிறது. ஆட்கள் குழாயடியில் நின்று, எல்லாம் மணி புண்ணியம் என்கிறார்கள். மாப்பிள்ளையை இழந்துவிட்டார் என்று என் தட்டில் ஒரு துண்டு மீன் கூடுதலாக வைக்கிறார்கள். கையெழுத்து விஷயம் எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். அந்த மீனை நான் தின்னவும் தின்கிறேன்.

வெள்ளிக்கிழமை, சித்திரை ஒன்று. நான் வரவில்லை என்று நேவிஸ் அண்ணனிடம் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டார், வேறு ஆள் இல்லை என்றார். அங்கியைப் போட்டுக்கொண்டு மேடையில் நின்றேன். எதிரே ஏசு வேஷத்தில் தூத்துக்குடி டிரைவர் ஒருவர், கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் நின்றார். இந்த இடத்தில் அவருக்கு வசனம் இல்லை. என் வசனத்தை நான் முழுதாகச் சொன்னேன். ஒரு எழுத்துப் பிசகவில்லை. முன் வரிசையில் இருந்த ஷியாமளா என்கிற நர்சம்மா பிறகு வந்து, இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கயபாவைப் பார்த்ததில்லை, நிஜமாகவே பயந்தவர் மாதிரி இருந்தது என்றார். எல்லோரும் கைகொடுத்தார்கள். நான் திரைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

இப்போது என்னைத் தின்கிற பயத்தைச் சொல்கிறேன். மணியின் பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. விஜிக்கு அவன் வாங்கி வைத்த கலர் பென்சில் டப்பா அதற்குள்தான் இருக்கிறது. வாசலில் அவன் செருப்பு கிடக்கிறது. ஏர்போர்ட்டுக்குப் போகிறவனைப் பெட்டி எடுக்க விடமாட்டார்களா? ஞாயிற்றுக்கிழமை மனதைத் திடப்படுத்திக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போன் போட்டேன். நீ விஜியைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாய் என்றார்கள். மணி எப்படி இருக்கான் என்று டீச்சர் கேட்டார்கள். நல்லா இருக்கான் டீச்சர் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவன் வந்து சேரவில்லை என்று எனக்கு அப்படித்தான் தெரிந்தது. கட்டிலில் படுத்தால் மேல்தட்டு ஆடாமல் இருக்கிறது.

நேற்று கேம்ப் பாஸிடம் போய் அவன் எங்கே என்று கேட்டேன். கலாஸ், முடிந்துபோச்சு, அவனை மறந்துவிடு, இல்லையென்றால் நீயும் போவாய் என்றான். திரும்பி வந்து நேவிஸ் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்தையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. புதன்கிழமை டூட்டிக்குப் போகாதே, நான் கூட வருகிறேன், கான்சுலேட்டில் போய் அவன் பெயரைக் கொடுப்போம் என்றார். அங்கே ஆள் எங்கே என்று எழுதிக் கேட்பார்களாம். நான் கையெழுத்துப் போட்ட தாள் பொய் என்றும் அங்கே எழுதிக் கொடுக்கப் போகிறேன். அது கேம்ப் பாஸுக்குத் தெரியாமல் இருக்காது. அதனால் மணிக்குப் பின்னாலேயே நானும் பெட்டியில்லாமல் வரலாம். ஆனால் போகிறேன்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன்னால் அவன் வந்து சேர்ந்திருக்கலாம். சில பேரை வாரக்கணக்கில் உள்ளே வைத்திருந்து அனுப்புவார்கள் என்று பாய் சொல்கிறார். வந்திருந்தால், முதலில் அவனுக்குச் சோறு போடு. கண் மஞ்சளாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து டாக்டரிடம் கூட்டிப்போ. என்னைப் பற்றி அவன் என்ன சொன்னாலும் அது உண்மை, மறுக்காதே. அவன் ஒன்றும் சொல்லாமல் இருந்தால், நீயும் கேட்காதே.

பாய் கடை நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். அவர் ஊரில் இருக்கும்போது அவருடைய மச்சினர் கௌஸ் முகைதீன்தான் கடையைப் பார்க்கிறார். கேம்பில் என்னை விட்டுவைத்தால், சாயங்காலம் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் தினம் அந்தப் போனுக்குப் பக்கத்தில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருப்பேன். மணி வந்துவிட்டான் என்றால் ஒரே ஒரு ரிங் விட்டுவிட்டு வைத்துவிடு. நான் எடுக்க மாட்டேன். நீ என்னோடு பேச வேண்டாம். பேசு என்று கேட்க எனக்கு வாயும் இல்லை. அவனே போன் அடிப்பதற்கு மனசு வந்தால் இரண்டு ரிங் விடச் சொல். வராவிட்டால் கட்டாயப்படுத்தாதே.

ஒரு ரிங் போதும் தாயி. நான் உட்கார்ந்திருப்பேன்.

கார்மேகம்